காலி பாட்டிலில் கள்ளச் சரக்கு: மூடியை மாற்றினால் நிற்குமா?

வசாய் அச்சுப்பட்டறை:
விலை உயர்ந்த விஸ்கி பாட்டில் வாயில், காலியானதும் மறுபடி நிரப்ப முடியாதபடி வைத்திருக்கும் அந்த பிளாஸ்டிக் ஊற்றுமுனை வெறும் பந்தா, அதனால் போலி ஒன்றும் குறையவில்லை, விலைதான் ஏறுகிறது என்று போன வாரம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார். நான் மும்பை பக்கம் வசாயில் மோல்டு வேலை செய்கிறவன், இந்த மாதிரி மூடிகளுக்கு அச்சு வெட்டியிருக்கிறேன், அதனால் பதில் சொல்லாமல் இருக்க மனசில்லை.

உள்ளே இருப்பது ஒரு சின்ன கண்ணாடிக் குண்டு, அல்லது பிளாஸ்டிக் வால்வு. பாட்டில் நிமிர்ந்து நிற்கும்போது தன் எடையால் அதன் இருக்கையில் உட்கார்ந்துவிடும், மேலிருந்து எதை ஊற்றினாலும் குண்டு இன்னும் அழுந்துமே தவிர வழி விடாது. சாய்த்தால் உருண்டு விலகும், சரக்கு வரும். நம் ஊர் கோலி சோடாவிலும் குண்டு உண்டு, ஆனால் அது நேர்மாறு. 1872இல் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கிய அந்த பாட்டிலில் கேஸ் அழுத்தம் குண்டை உள்ளிருந்து மேலே தள்ளி அடைக்கும், அதைக் கழுவிக் கழுவி நிரப்பத்தான் செய்தார்கள். இதில் நிரப்பவே கூடாது.

கஷ்டம் எங்கே என்றால் காற்றில். சரக்கு வெளியே வர வேண்டுமானால் அதே அளவு காற்று உள்ளே போக வேண்டும், அதற்கு ஒரு தனி வழி விட வேண்டும், கள்ளன் அந்த வழியில்தான் கம்பியையோ சிரிஞ்ச் ஊசியையோ விடப் பார்ப்பான். அதனால் அந்த வழியை நேராக விடாமல் வளைத்து வளைத்துக் கொண்டுபோவோம். அச்சில் அந்த வளைவுகளை எடுப்பதுதான் எங்களுக்கு உயிர் போகும் வேலை. இவ்வளவு செய்த பிறகு பந்தா என்று சொன்னால் எப்படி?

தாராவி பங்கார்:
தம்பி, குண்டும் வால்வும் சரி. எனக்கு தாராவி 13ஆம் காம்பவுண்ட் பக்கம் பங்கார் கடை, அதாவது பழைய சாமான் கடை, அப்பா காலத்திலிருந்து இதே தொழில். குவார்ட்டர் பாட்டில் எல்லாம் கோணியோடு எடை போட்டு வாங்குவோம். ஸ்காட்ச் பாட்டில் மட்டும் தனி. லேபிள் கிழியாமல், மூடி இருந்து, அட்டை டப்பாவும் கூட இருந்தால் அதை யாரும் எடை போட மாட்டார்கள், பீஸ் கணக்குதான், விலை பல மடங்கு. ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் செய்கிற பையன்கள் மூடியைத் திருகி, டப்பாவில் வைத்து, கைக்குழந்தையைத் தூக்கி வருவது போலத் தூக்கி வருவார்கள். எதற்கு என்று அவர்களுக்கும் தெரியும். நான் அந்த வியாபாரம் செய்வதில்லை, கழுத்தில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டி உடைசலோடு சேர்த்துவிடுவேன். அதற்காக என்னிடம் வராமல் அடுத்த சந்துக்குப் போகிறவர்கள் நிறைய.

நான் கேட்பது இது ஒன்றுதான். உங்கள் மூடி வேலை செய்தால் காலி பாட்டிலுக்கு விலை இருக்கக் கூடாது. விலை இருக்கிறதே?

வசாய் அச்சுப்பட்டறை:
அண்ணாச்சி, நல்ல கேள்வி, அதையே திருப்பிக் கேட்கிறேன். ஊற்றுமுனை பிடுங்கப்பட்ட பாட்டிலுக்கும் பிடுங்காத பாட்டிலுக்கும் ஒரே விலையா? சாதா திருகு மூடி பாட்டிலுக்கும் குண்டு வைத்ததற்கும்?

தாராவி பங்கார்:
ஒரே விலை இல்லை. வாய் உடைந்தது, ஊற்றுமுனை கோணலானது எதையும் அடுத்த சந்தில் வாங்க வருகிற கள்ளன் தொட மாட்டான். சாதா திருகு என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்வான். குண்டு வைத்ததை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்துத்தான் விலை பேசுவான். ஆனாலும் வாங்குகிறான் அல்லவா?

வசாய் அச்சுப்பட்டறை:
அவன் நகத்தால் கிளப்பிப் பார்க்கிற இடம்தான் சண்டை நடக்கிற இடம். ஊற்றுமுனையைச் சேதமில்லாமல் முழுதாகக் கழற்ற முடியுமா என்று பார்க்கிறான். மலிவான பாலிஎத்திலீனில் செய்திருந்தால் கொதிக்கும் வெந்நீரில் வாயைக் கொஞ்ச நேரம் வைத்தாலே இளகிக் கழன்றுவிடும், நிரப்பிவிட்டுத் திரும்ப அழுத்தலாம். கண்ணாடி பாட்டிலின் வாய் பிளாஸ்டிக் மாதிரி அளவு பிசகாமல் வராது, ஒன்று கொஞ்சம் அகலம், ஒன்று கொஞ்சம் குறுகல், எல்லாவற்றிலும் இறுக்கமாக உட்கார வேண்டும் என்று பாகத்தை மெத்தென்று செய்கிறார்கள், அந்த மெத்தென்ற தன்மையே கள்ளனுக்கு வசதி. சரியாகச் செய்ததில் கழுத்து விளிம்புக்கு அடியில் போய்ப் பிடிக்கும் கொக்கிகள் இருக்கும், இழுத்தால் கொக்கி உடைந்து உள்ளே விழும், திரும்ப மாட்ட முடியாது.

குண்டை ஏமாற்ற வழியே இல்லை என்று நான் சொல்லவில்லை. பாட்டிலைத் தலைகீழாகச் சரக்குக்குள் நிறுத்தி, வேக்குவம் போட்டுக் காற்றை உறிஞ்சி, பிறகு காற்றை விட்டால் சரக்கு உள்ளே ஏறும். தலைகீழாக இருக்கும்போது வால்வு திறந்துதான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் வாங்கினவரும் ஊற்ற முடியாது. அதனால் இதைத் தடுக்கும் குண்டு கிடையாது. ஆனால் அதற்கு மெஷின் வேண்டும், இடம் வேண்டும், நேரம் வேண்டும். புனலும் கேனும் வைத்துக்கொண்டு குடோனில் உட்கார்ந்திருப்பவனிடம் அதெல்லாம் இல்லை. அவனை நிறுத்தினாலே பெரிய பங்கு நின்றுவிடும்.

அந்தேரி பார் கவுண்டர்:
நான் கவுண்டருக்கு உள்ளே நிற்கிறவன். சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு இந்தக் குண்டு வழியாக 30 மில்லி ஊற்றிப் பாருங்கள். சொட்டுச் சொட்டாக வரும், திடீரென்று குபுக்கென்று கொட்டும், பெக் அளவு தப்பும், முன்னால் ஆறு பேர் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். குறடால் பிடுங்கி எறிந்துவிட்டு ஸ்டீல் ஊற்றுமுனை செருகுவதுதான் பாதி பார்களில் வழக்கம். நீங்கள் அத்தனை பாடுபட்டு வளைத்த காற்றுவழி முதல் நாளே குப்பைக்கூடைக்குப் போய்விடுகிறது.

இன்னொன்று. பாரில் நடக்கும் ஏமாற்று சீல் வைத்த பாட்டிலில் நடப்பதில்லை. திறந்த பாட்டிலில், பாதி காலியானதும், விலை குறைந்ததை ஊற்றிக் கலக்கிறார்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் இதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வேலையை விட்டேன். ஊற்றுமுனையைப் பிடுங்கிவிட்ட பிறகு எந்த மூடியாலும் இதைப் பிடிக்க முடியாது. முதலாளி நல்லவனாக இருந்தால்தான் உண்டு.

பரேல் ஃபார்மசிஸ்ட்:
எல்லோரும் விஸ்கியைப் பற்றியே பேசுகிறீர்கள், என் வயிறு எரிகிறது. 2024 மார்ச்சில் டெல்லி போலீஸின் குற்றப்பிரிவு ஒரு கும்பலைப் பிடித்தது. விலை உயர்ந்த புற்றுநோய் மருந்துகளின் காலி வயல்களை, அதாவது ஊசி மருந்துக் குப்பிகளை, ஆஸ்பத்திரி ஊழியர்கள் மூலம் வாங்கி, பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோலை அதில் நிரப்பி, லட்ச ரூபாய்க்கு மேல் விற்றார்கள் என்று போலீஸ் சொன்னது. ஒரு குடும்பம் நகையை விற்று வாங்கியிருக்கும். மருந்து கைக்கு வந்துவிட்டது என்ற நிம்மதியோடு போயிருப்பார்கள்.

இங்கே குண்டு வால்வெல்லாம் வைக்க முடியாது. வயல் வாயில் ரப்பர் அடைப்பு, அதன் மேல் அலுமினிய வளையம், அதன் மேல் கலர் பிளாஸ்டிக் பொத்தான். பொத்தானைத் தட்டி எடுத்தால் திரும்ப ஒட்டாது, அந்த அளவுக்கு டிசைன் சரி. ஆனால் வளையத்தைக் கழற்றும் கருவியும், புது வளையம் மாட்டி இறுக்கும் கருவியும் லேப் சாமான் கடையில் கிடைப்பவை, புது வளையங்களும் கிடைப்பவை. பொத்தான் நிறம் ஒன்றாக இருந்தால் நானே ஏமாறலாம்.

செம்பூர் வாசகர்:
மேடம், 2023 ஆகஸ்ட் 1 முதல் 300 மருந்து பிராண்டுகளுக்கு கியூஆர் கோடு கட்டாயமாகிவிட்டதே? ஸ்கேன் செய்தால் தெரிந்துவிடாதா?

பரேல் ஃபார்மசிஸ்ட்:
சார், காலிக் குப்பி அசல், லேபிள் அசல், கோடும் அசல். ஸ்கேன் செய்தால் அசல் என்றுதான் சொல்லும். உள்ளே இருக்கும் தண்ணீரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. திரும்ப நிரப்பும் மோசடியின் விஷமே இதுதான். போலி லேபிள் அச்சடிப்பவனைப் பிடிக்க ஆயிரம் வழி வந்துவிட்டது, இவன் லேபிளைத் தொடவே இல்லை.

வசாய் அச்சுப்பட்டறை:
மேடம் சொன்னதைத்தான் நான் இவ்வளவு நேரமாகச் சொல்லப் பார்க்கிறேன். கியூஆர் கோடு பாட்டில் வயிற்றில் இருந்தால் பாட்டிலைத்தான் சரிபார்க்கும். அந்த கியூஆரை மூடிக்கும் கழுத்துக்கும் குறுக்கே போட வேண்டும், பாதி மூடியில், பாதி கழுத்தில், முதல் திருப்பிலேயே அது கிழிய வேண்டும், கிழிந்ததைச் சேர்த்து ஒட்டினாலும் கோணல் தெரிய வேண்டும். பல மாநிலங்களில் கலால் ஸ்டிக்கரை மூடிமேல் குறுக்காக ஒட்டுவது இதற்காகத்தான், ஆனால் ஈரம் பட்டாலோ சூடு காட்டினாலோ முழுசாக உரிந்து வந்துவிடுகிறது. தனியாக ஒட்டாமல் மூடியோடு சேர்த்து வார்த்துவிட்டால் உரிக்க முடியாது.

தாராவி பங்கார்:
புது மூடி வாங்கினால்? அலுமினிய மூடியை உருட்டி இறுக்கும் மெஷின் சின்னக் கம்பெனிகளுக்கென்றே விற்கிறார்கள், ஒரு மேஜையில் அடங்கிவிடும். உங்கள் கோடு போட்ட மூடியையும் ஒருவன் எங்காவது அச்சடிப்பான். நீங்கள் மூடியையே பார்க்கிறீர்கள், நான் காலி பாட்டிலைப் பார்க்கிறேன். நீலகிரியில் 2022இல் ஹைகோர்ட் உத்தரவில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் அதிகம் வாங்கி, காலியைத் திருப்பிக் கொடுத்தால் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அது காட்டில் கண்ணாடி கிடக்கக் கூடாது என்பதற்காக. ஆனால் வழி அதுதான். ஸ்காட்ச் பாட்டிலுக்கு 200 ரூபாய் வைக்கட்டும், கடையிலேயே வாங்கி, வாங்கின இடத்திலேயே கழுத்தை உடைக்கட்டும். அமெரிக்காவில் மதுவிலக்கு போன பிறகு 1935இலிருந்து 1964 வரை விஸ்கி மாதிரி ஸ்பிரிட் பாட்டில்களில் இதைத் திரும்பப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம் என்று கண்ணாடியிலேயே புடைப்பாக எழுதி வைத்தார்கள். அவர்களும் பாட்டிலைத்தான் பிடித்தார்கள்.

அந்தேரி பார் கவுண்டர்:
200 ரூபாய் வைத்தால் கள்ளன் 300 கொடுப்பான் அண்ணாச்சி. உள்ளே நிரப்பி விற்கும் விலை எத்தனை ஆயிரம் என்று பாருங்கள்.

தாராவி பங்கார்:
கொடுக்கட்டும். இப்போது அவன் கொடுப்பதை விட அதிகம் கொடுக்க வேண்டும், லாபம் குறையும். மூடிக்கும் அதே கணக்குதானே தம்பி சொன்னார், கள்ளனுக்குச் செலவை ஏற்றுவது? என் வழியில் அந்தச் செலவுப் பணம் பாட்டில் பொறுக்குகிறவன் கைக்குப் போகும்.

செம்பூர் வாசகர்:
2015இல் மும்பை மால்வணியில் நூறு பேருக்கு மேல் செத்தார்களே, இந்த மூடி இருந்திருந்தால் தடுத்திருக்கலாமோ?

பரேல் ஃபார்மசிஸ்ட்:
இல்லை சார். அது மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம், பாட்டில் சரக்கு வாங்க முடியாத ஏழைகள் குடித்தது. அதை இதோடு சேர்க்காதீர்கள், அவர்களுக்கு எந்த மூடியும் எட்டாது.

அண்ணாச்சி சொல்லும் உடைப்பு எங்களுக்குப் பொருந்தும். 2016 மருத்துவக் கழிவு விதிப்படி சைட்டோடாக்சிக், அதாவது செல்களைக் கொல்லும் மருந்து பட்ட வயல்கள் மஞ்சள் வகையில், எரிக்கப் போக வேண்டும். மற்ற கண்ணாடி நீல வகை, கிருமி நீக்கி மறுசுழற்சிக்குப் போகும். புது வகை புற்றுநோய் மருந்துகள் சில சைட்டோடாக்சிக் இல்லை, அதனால் நீலத்தில் போடுகிறவர்களும் உண்டு, முழு குப்பியாக, லேபிளோடு. எங்கள் இடத்தில் எல்லாவற்றையும் மஞ்சளில் போடச் சொல்லிவிட்டேன், பையில் விழுவதற்கு முன் லேபிள் மேல் அழியாத மார்க்கரால் தடித்த குறுக்குக் கோடு. படுக்கைக்கும் பைக்கும் நடுவில் உள்ள பத்தடி தூரத்தில்தான் குப்பி காணாமல் போகிறது. எந்த டிசைனரும் அந்தப் பத்தடியைப் பற்றி யோசிப்பதாகத் தெரியவில்லை. ஊசி குத்தினதும் லேபிளே நிறம் மாறுகிற மாதிரி ஒன்று செய்து கொடுங்கள், நர்ஸ் மார்க்கரைத் தேட வேண்டாம்.

வசாய் அச்சுப்பட்டறை:
மேடம், ஊசி குத்தினதைக் காட்டும் அடைப்பு எனக்குப் பழக்கமில்லாத வேலை, ரப்பர் ஆட்களிடம் கேட்கிறேன். பொத்தானைத் தட்டும்போது அதோடு லேபிளில் ஒரு துண்டும் கிழிந்து வரும்படி லேபிளை வளையத்துக்கு மேல் வரை ஏற்றி ஒட்டலாம். அது இன்றைக்கே முடியும்.

பார் நண்பருக்கு: வேகமாக ஊற்றும் வால்வு முடியும், காற்றுவழியை அகலப்படுத்த வேண்டும், அகலப்படுத்தினால் ஊசிக்கும் வழி விடும். இரண்டும் ஒன்றோடு ஒன்று இழுக்கும். பாருக்கென்று தனி பாட்டில், வீட்டுக்கென்று தனி பாட்டில் என்று கம்பெனிகள் போனால் ஒழிய இது தீராது.

தாராவி பங்கார்:
ஒன்று கேட்க மறந்துவிட்டேன். கழுத்தில் பாதி தங்க வேண்டும் என்கிறீர்களே, மூடியைத் திருகினதும் பாட்டில் கழுத்தில் தங்கிவிடும் அந்த அலுமினிய வளையத்தை யார் எடுப்பது? என் கடையில் இரண்டு பெண்கள் நாள் முழுக்கக் கத்திமுனையால் அதைத்தான் நெம்பிக்கொண்டிருக்கிறார்கள். உடைசலோடு அலுமினியம் உலைக்குப் போனால் கண்ணாடிக்குள் சிலிக்கன் மணிகள் உண்டாகும், புது பாட்டில் அந்த இடத்தில் விரிசல் விடும், ஃபாக்டரிக்காரன் லாரியையே திருப்பி அனுப்புகிறான்.

வசாய் அச்சுப்பட்டறை:
தங்குகிற பாகத்தை பிளாஸ்டிக்கில் செய்யலாம் அண்ணாச்சி, உலையில் எரிந்துவிடும்.

தாராவி பங்கார்:
வெந்நீரில் கழன்றுவிடும் என்று நீங்களே எழுதினீர்கள்.

வசாய் அச்சுப்பட்டறை:
பாலிஎத்திலீன் என்றால் கழலும். பாலிகார்பனேட் கொதிநீரில் அசையாது, 140 டிகிரிக்கு மேல்தான் இளகும். விலை அதிகம், அச்சும் வேறு. 750 மில்லி ஸ்காட்ச் தாங்கும், 180 மில்லி குவார்ட்டர் தாங்காது. குவார்ட்டருக்குக் கழுத்துக்கும் சேர்த்துக் குறுக்கே கியூஆர் போட்ட மூடியும், நீங்கள் சொன்ன டெபாசிட்டும்தான் வழி என்று இப்போதைக்குப் படுகிறது. ஞாயிற்றுக்கிழமை உங்கள் கடைக்கு வருகிறேன், அந்தக் கள்ளன் வேண்டாம் என்று ஒதுக்கி உங்களிடம் வருகிற குண்டு பாட்டில்களை மட்டும் உடைக்காமல் எடுத்து வையுங்கள், எந்த மூடியைக் கண்டு அவன் பின்வாங்குகிறான் என்று பார்க்க வேண்டும்.

தாராவி பங்கார்:
வாருங்கள். லேபிளைக் கிழித்துவிட்டுத்தான் கொடுப்பேன்.