மழலைக்கால மன அழுத்தமும் மூளையும்: ஆய்வுப் பணியில் இன்னும் உறுத்தும் ஒரு சந்திப்பு

வைகறை:
முனைவர் பட்ட நேர்காணலின் முடிவில் என்னை எலிக்கூண்டுகள் இருந்த அறைக்கு அழைத்துச் சென்றார்கள். குட்டிகளுக்குப் பிறந்த உடனேயே மன அழுத்தம் ஏற்படுத்தும் முறை, உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான்: குட்டிகள் பிறந்த 2ஆம் நாள் முதல் 9ஆம் நாள் வரை தரைக்கு மேலே கம்பிவலை, கூடு கட்டக் காகிதத் துண்டில் பாதி மட்டும். அந்தத் தாய் எலி காகிதத்தைக் கிழித்து மூலையில் சேர்ப்பதும், குட்டிகளை விட்டு ஓடுவதும், திரும்பி வந்து நக்குவதும், மறுபடி ஓடுவதுமாக இருந்தது. குட்டிகளின் அழுகை 40 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருப்பதால் நம் காதுக்கு எட்டாது. அதைத் தாழ்த்தித் தரும் கருவியை நெறியாளர் இயக்கியதும் அறை முழுவதும் சடசடத்தது. "என்ன பார்க்கிறீர்கள்?" என்றார். "அக்கறையில்லாத தாய்" என்றேன். அவர் ஒரு தாளை நீட்டினார்: குட்டிகளோடு அது கழித்த மொத்த நேரம் வழக்கமான கூண்டிலிருந்த தாய்களுடையதைவிடப் பெரிதாகக் குறையவில்லை, துண்டு துண்டாகச் சிதறியிருந்தது, அவ்வளவுதான். இடம் கிடைத்து நான்கு ஆண்டுகளாகின்றன. அந்தச் சொல் என் வாயில் அத்தனை விரைவாக வந்ததுதான் இன்னும் உறுத்துகிறது.

உப்புக்காற்று:
நான் மனிதர்களிடம் செய்யும் ஆய்வில் இருந்தேன். டொரன்டோவில், 2019 இறுதியில், பத்து வயது மகனை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அனுப்பிவிட்டு ஓர் அக்கா கண்ணாடிக்கு இப்புறம் என் அருகில் உட்கார்ந்திருந்தார், வன்னியிலிருந்து வந்தவர். திரையில் மூளையின் படம் ஒவ்வோர் அடுக்காக எழுந்தபோது, "தம்பி, நான் இவனை வயித்தில வச்சுக்கொண்டு முகாமில அழுததெல்லாம் இதில தெரியுதோ?" என்று கேட்டார். படத்தை விளக்க எனக்கு அனுமதியில்லை என்று, படிவத்தில் உள்ளபடியே பதில் சொன்னேன்.

பழைய மாணவன்:
உப்புக்காற்று அவர்களே, "தெரியாது அக்கா" என்று சொல்லியிருக்கலாம்; அதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை. ஒரு குழந்தையின் ஸ்கேனைப் பார்த்து அதன் கடந்த காலத்தைப் படிக்க எவராலும் இயலாது. ருமேனியாவின் புகாரெஸ்டில் காப்பகக் குழந்தைகள் 136 பேரில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி ஒப்பிட்ட ஆய்வு சொல்வதும் சராசரிகளைத்தான். குழந்தைப்பருவத் துயரங்களை எண்ணி மதிப்பெண் தரும் 1998ஆம் ஆண்டு ஆய்வின் ஆசிரியர்களில் ஒருவரான ராபர்ட் ஆண்டாவே, அந்த எண்ணைத் தனியொருவரின் வருங்காலத்தைக் கணிக்கப் பயன்படுத்தக் கூடாது என 2020இல் எழுதினார்.

வைகறை அவர்களுக்கு: நெறியாளர் காட்டிய ஒரு தாளை அப்படியே நம்பாதீர்கள். இத்துறையில் ஓர் ஆய்வகத்தின் முடிவு இன்னொன்றில் கிடைக்காமல் போவது புதிதன்று. இனி இப்பணிக்கு நேர்காணல் செல்பவர்கள், தாயின் நடத்தையைக் குறிப்பவருக்கு அது எந்தக் குழுவைச் சேர்ந்தது என்பது தெரியுமா, கணக்கின் அலகு தனிக் குட்டியா, ஒரே தாய் ஒருமுறை ஈன்ற குட்டிகள் எல்லாம் சேர்ந்த ஈற்றா, உதவித்தொகை எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி, முன்பிருந்த மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பவற்றைக் கூச்சமின்றிக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு நெறியாளர் தயங்கினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். என் அனுபவம் சிறியது: 48 குட்டிகளை வைத்து எழுதிய என் முதல் கட்டுரை, அவை ஆறே ஈற்றுகளில் பிறந்தவை, எனவே எண்ணிக்கை 48 அன்று, ஆறுதான் என்ற ஒற்றை வரிக் குறிப்போடு திரும்பி வந்தது.

வைகறை:
குறிப்பவருக்குக் குழு தெரியாது, நானே சரிபார்த்தேன். நான் எழுதியது அந்தத் தாளைப் பற்றியன்று, ஐயா.

உப்புக்காற்று:
"தெரியாது" என்றே சொல்லியிருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அக்கா ஸ்கேனைப் பற்றித்தான் கேட்டாரா என்பதே எனக்கு ஐயமாக இருக்கிறது. புறப்படும்போது பயணச் செலவுக்கென்று நான் கொடுத்த 20 டாலரை மேசையிலேயே வைத்துவிட்டு, மகனின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அதைக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்று கேட்டு அன்று மாலை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்.