வலது எஞ்சின் நின்றால் பயமே இல்லையா?

வைகைக்கரை: இரண்டு புரொப்பல்லர் எஞ்சின் உள்ள ஏடிஆர் பயணிகள் விமானத்தைப் பற்றி நேற்று இங்கே அவனியாபுரத்தான் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. “ஏடிஆரில் இடது எஞ்சின் நின்றால்தான் ஆபத்து, வலது நின்றால் பயமே இல்லை” என்கிறார். 2015 பிப்ரவரியில் தைபேயில் ஏடிஆர் 72 கீலுங் ஆற்றில் விழுந்து 43 பேர் செத்தார்கள். முதலில் சக்தி போனது எந்தப் பக்கம்? வலது!

அவனியாபுரத்தான்: பாதிக் கதையைச் சொல்லாதீங்கண்ணே. வலது புரொப்பல்லர் தானாகவே ஃபெதர் ஆனது (இலைகள் காற்றை எதிர்க்காதபடி விளிம்பைக் காட்டித் திரும்பின), இடதை வைத்துப் பறந்திருக்கலாம். கேப்டன் நன்றாக ஓடிய இடது எஞ்சினை அணைத்தார், விழுந்தது. அப்போ உயிர் எதில் இருந்தது? இடதில். நான் சொன்னதும் அதுதான்.

வைகைக்கரை: நீங்கள் சொன்னது அது இல்லை. “வலது நின்றால் பயமே இல்லை.” உங்கள் வரிதான், மேலே போய்ப் படியுங்கள்.

கப்பலூர் காளை: காரணத்தை யாருமே சொல்லவில்லையே. பின்னாலிருந்து பார்த்தால் ஏடிஆரின் இரண்டு புரொப்பல்லரும் கடிகாரம் சுற்றுகிற பக்கம்தான் சுற்றும். மூக்கைத் தூக்கி ஏறும்போது, வலப்பக்கம் கீழே இறங்குகிற இலை கூடுதலாக இழுக்கும். அதனால் இடது எஞ்சினின் இழுப்பு உடலை ஒட்டி வரும், வலது எஞ்சினின் இழுப்பு வெளியே தள்ளிப் போகும். நுகத்தடியில் வலத்தை மாட்டை ஓரமாகக் கட்டிய மாதிரி. இடத்தை மாடு படுத்தால் வண்டி வெடுக்கென்று இடப்பக்கம் திரும்பும்.

வைகைக்கரை: மாட்டு உவமை தப்பு. வண்டிச் சக்கரத்தைத் தரை பிடித்திருக்கும். விமானத்துக்கு வால் சுக்கான்தான் பிடி, அதற்கு வேகம் வேண்டும்.

கப்பலூர் காளை: மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் வண்டி மாடு. மாட்டைப் பற்றி நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டாம். போன பொங்கலுக்கு நான் போட்ட ஜல்லிக்கட்டுப் பதிவிலும் இப்படித்தான் வந்து தப்பு தப்பு என்றீர்கள். மறக்கவில்லை.

பறவைப்பார்வை: முதலில் கிரிட்டிக்கல் எஞ்சின் என்றால் என்ன என்று பேசுவோமா? எது நின்றால் கட்டுப்பாடு அதிகமாகக் கெடுமோ, அதுதானே? செனக்கா என்ற சின்ன இரட்டை எஞ்சின் விமானத்தில் இரண்டு புரொப்பல்லரும் எதிரெதிராகச் சுற்றுவதால் அப்படி ஒன்றே கிடையாது.

அவனியாபுரத்தான்: செனக்கா பிஸ்டன் விமானம், இங்கே எதற்கு? ஏடிஆரில் இடது. கப்பலூர் அண்ணனே சொல்லிவிட்டார்.

கப்பலூர் காளை: என்னை உங்கள் கட்சியில் சேர்க்காதீர்கள்.

வைகைக்கரை: ஹேங்கரில் 20 வருடம் கை கறுத்தவன் சொல்கிறேன், கேளுங்கள். ஒற்றை எஞ்சினில் எந்த வேகத்துக்குக் கீழே போனால் சுக்கான் தாங்காதோ, அதை இடது நின்றதாக வைத்தே கணக்கிடுகிறார்கள். வலது நின்றால் அந்த எல்லை கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். நின்ற எஞ்சினின் புரொப்பல்லர் ஃபெதர் ஆகாமல் காற்றில் சுழன்றால், எந்தப் பக்கமானாலும் பெரிய தாம்பாளத்தைக் காற்றுக்கு எதிரே பிடித்த மாதிரி இழுவை. அதற்காகத்தான் ஏடிஆர் டேக்ஆஃபில் தானே ஃபெதர் செய்து, ஓடுகிற எஞ்சினுக்கும் சக்தியைக் கூட்டிக் கொடுக்கிறது. வலது நின்றால் இடது காலை மிதித்தே ஆகவேண்டும். மிதிக்காமல் “பயமே இல்லை” என்று உட்கார்ந்திருப்பீர்களா? மதுரையிலிருந்து ஏறுகிற நம் சனம் இதைப் படிக்கிறது. அந்த வரியை எடுங்கள்.

அவனியாபுரத்தான்: எல்லை இறங்கும் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அப்போ ஆபத்து இடதுதான். எடுக்க மாட்டேன்.

வைகைக்கரை: கொஞ்சம் இறங்கும் என்றேன். “பயமே இல்லை” என்றேனா? எடுங்கள்.

கப்பலூர் காளை: அப்புறம் அந்த மாட்டு உவமை தப்பு என்றதற்கு யார் பதில் சொல்வது?