புதுப்பிப்பு: அது கழுகன்று, காக்கை

என்னிடமுள்ள தெனார் என்னும் பழைய ஹங்கேரிய வெள்ளி நாணயத்தின் கேடயத்தில் இருப்பது கழுகு என்றும், பின்புறத்திலுள்ள 'கே' (K) அரசரின் பெயரெழுத்து என்றும் முன்பு இங்கே எழுதியிருந்தேன்; இரண்டுமே பிழை. உருப்பெருக்கியின் கீழ் அலகில் மோதிரம் தெரிந்தது. அது 1458 முதல் 1490 வரை ஆண்ட மாத்யாஸ் மன்னரின் ஹுன்யாடிக் குடும்பச் சின்னமான காக்கை. குழந்தையுடன் அமர்ந்த மரியாளின் அருகிலுள்ள 'கே', இன்று ஸ்லோவாக்கியாவில் கிரெம்னிட்சா எனப்படும் கொர்மொச்பான்யா நாணயச்சாலையைக் குறிக்கிறது. அச்சாலை 1328இல் நிறுவப்பட்டது. விரல்நுனியளவே உள்ள, சற்று வளைந்த இந்தத் தகட்டில் அரசரின் குடும்பம், நாட்டின் காவலன்னையான மரியாள், அச்சிட்ட ஊர் ஆகிய மூன்றும் அடங்கியிருப்பதால்தான், தேய்ந்திருந்தும் இதை விற்க எனக்கு மனமில்லை. அடுத்து ஹங்கேரியின் முதல் மன்னரான முதலாம் இஷ்த்வானின் தெனாரைத் தேடுகிறேன். அதற்குப் பணப்பை இடம் தர வேண்டும்.