செம்போத்தாக வந்தவன்

தஞ்சாவூரிலிருந்து

ஏழு மாதங்களாக வாரத்துக்கு இரண்டு அத்தியாயங்கள் என்று நாம் சேர்ந்து படித்துவந்த தொடர்கதை சென்ற வெள்ளிக்கிழமை நிறைவடைந்தது. கல்வெட்டு ஆய்வு மாணவியான நாயகி பெரிய கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் கல்லெழுத்தைத் தாளில் மையொற்றி மைப்படி எடுத்துக்கொண்டிருக்கும்போது, ராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டுக்குள், அதாவது 1014ஆம் ஆண்டை ஒட்டிய காலத்துக்குள் போய் விழுகிறாள். கோயில் பணிக்கு வந்த பெண்கள் குடியிருந்த தளிச்சேரியில், ஒருத்தியின் வீட்டில் அடைக்கலம் பெறுகிறாள். கல்தச்சர்களுக்கு உளி தீட்டிக் கொடுக்கும் ஒருவனை விரும்புகிறாள். அவனோ நினைத்த உருவத்தை எடுக்கக்கூடியவன். இந்தக் கதை உங்களை என்ன செய்தது என்று நீங்கள் எழுதுமுன் என்னை என்ன செய்தது என்பதை நான் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அது கதையோடு நிற்கவில்லை.

பதினேழாம் அத்தியாயம் வரை நான் அந்த நாயகனின் பக்கம்தான் இருந்தேன். வீட்டின் பின்கட்டுக் கிணற்றுச் சுவரில் தினமும் ஒரு செம்போத்து வந்து உட்காரும். ஊருக்கும் காலத்துக்கும் அந்நியமான அந்தப் பெண், தன் தாயை மருத்துவமனையில் விட்டுவிட்டு வந்த குற்றவுணர்வை அவனிடம் சொல்ல மறுத்தவள், அந்தப் பறவையிடம் சொல்லி அழுவாள். சிவந்த கண்ணோடு தலையைச் சாய்த்துக் கேட்கும் அந்தப் பறவையை ஆசிரியர் எழுதியிருந்த அழகில் நானும் மயங்கியிருந்தேன். பதினேழாம் அத்தியாயத்தின் கடைசி வரியில், அவள் யாரிடமும் சொல்லாத தாயின் பெயரை அவன் வாய் தவறிச் சொல்லிவிடுகிறான். நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இரண்டு நாள் அதை எடுக்கவில்லை. பலரும் அந்த இடத்தைக் காதலின் உச்சம் என்று கொண்டாடியிருந்தீர்கள். எனக்கு அது களவாகத் தோன்றியது.

அப்படித் தோன்றியதற்கான காரணம் என் சொந்த வாழ்க்கையில் இருக்கிறது. எனக்குத் திருமணம் பேசுவதற்கு ஒரு மாதம் முன்பு, என் தந்தையின் மளிகைக் கடைக்கு ஓர் இளைஞர் நாலைந்து முறை வந்து போனார். கல்லாவில் நான் உட்கார்ந்திருந்த மாலை நேரங்களில் அரைக் கிலோ உளுந்து, கால் கிலோ வெல்லம் என்று ஏதேனும் வாங்கிக்கொண்டு, ஊர் கேட்டார், படிப்பு கேட்டார், அண்ணன்மாரோடு எனக்கு இருந்த மனத்தாங்கலைக்கூட எப்படியோ பேச்சில் வரவழைத்துவிட்டார். வாடிக்கையாளர்தானே என்று நானும் பேசினேன். பெண் பார்க்க வந்த அன்று அந்த முகத்தைக் கண்டபோது நான் அதைத் தற்செயல் என்றே நம்பினேன். திருமணமாகி ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு விருந்தில், எல்லோரும் சிரிக்கும்படி, தான் முன்கூட்டியே வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போன கதையை என் கணவர் சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் கழுத்தில் ஏறிய சூடு இன்னும் நினைவிருக்கிறது. அவர் நல்லவர், இன்றுவரை எனக்கு ஒரு குறையும் வைக்காதவர். ஆனாலும் அந்த மாலைகளில் நான் யாரிடம் பேசுகிறேன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரிந்திருக்கவில்லை. செம்போத்தைப் படித்தபோது என் கையில் கடைத் தராசின் குளிர்ச்சியும் வெல்லத்தின் பிசுக்கும் திரும்பி வந்தன.

உருமாறும் காதலன் நமக்குப் புதியவனல்ல என்று சென்ற மாதம் ஒருவர் எழுதியிருந்தார், வள்ளிக் குறத்தியை நாடி வேடனாகவும் வேங்கை மரமாகவும் கிழவராகவும் வந்த முருகனைக் காட்டியிருந்தார். அதைப் படித்த பிறகு நான் அந்தக் கதையைப் பலமுறை மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். வேங்கை மரமாக நின்றது வள்ளியின் தந்தை நம்பிராஜனிடமிருந்தும் உடன் வந்த வேடர்களிடமிருந்தும் மறைவதற்காக, வள்ளியிடமிருந்து மறைவதற்காக அல்ல. புனத்தில் திடீரென்று முளைத்த மரத்தைக் கண்டு வேடர்கள் ஐயுற்றபோது அந்த மரம் யார் என்று அறிந்திருந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் அந்த உருமாற்றம் இருவருக்கும் பொதுவான ரகசியமாகிவிடுகிறது. கிழவராக வந்தது அப்படியல்ல, அது அவளை ஏமாற்ற வந்த உருவம்தான் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். தேனும் தினைமாவும் கொடுத்து, விக்கலுக்குத் தண்ணீர் காட்டிய ஒரு பெண்ணை யானையைக் கொண்டு அச்சுறுத்தியதைச் சிறுவயதில் கதாகாலட்சேபத்தில் கேட்டுக் கைகொட்டியிருக்கிறேன், இப்போது கைகொட்ட வரவில்லை. நம் தொடர்கதையின் நாயகன் வேங்கையாக நின்றவனா, கிழவராக வந்தவனா என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கிணற்றடியில் அவன் கிழவராக வந்தவன்.

திருவாவடுதுறைக்கு அருகிலிருந்து

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் உறக்கம் வரவில்லை. நான் அந்த அத்தியாயத்தைக் கொண்டாடியவர்களில் ஒருத்தி. அந்தக் கொண்டாட்டத்தை இப்போது திரும்பப் பெறுகிறேன் என்று சொல்லமாட்டேன், ஆனால் எனக்கு நேர்ந்தது வேறு இடத்தில்.

எங்கள் வீட்டிலிருந்து சாத்தனூர் நடக்கும் தூரம்தான். திருமூலர் கதையை இங்கே குழந்தைகள் சோற்றோடு சேர்த்து உண்கிறார்கள். கயிலையிலிருந்து வந்த யோகியார், இறந்து கிடந்த மூலன் என்ற இடையனைச் சுற்றிப் பசுக்கள் கதறுவதைக் கண்டு, தம் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலனின் உடலுக்குள் புகுந்து, மாலையில் பசுக்களை ஊருக்கு ஓட்டி வந்தார். இந்தக் கதையில் எல்லோரும் பசுக்களின் கண்ணீரைச் சொல்வார்கள். நான் ஏழு வயதில் என் பாட்டியிடம் கேட்டது மூலனின் மனைவியைப் பற்றி. வீட்டு வாசலில் காத்திருந்தவள் கணவனின் முகத்தைக் கண்டு அருகில் போகிறாள், உனக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை என்கிறார் அவர். மறுநாள் ஊர்ப் பெரியவர்களிடம் போய் முறையிடுகிறாள். அவர்கள் வந்து பார்த்து, இவர் யோகத்தில் இருக்கிறார், இவரை உன்னால் பெற முடியாது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவளுக்கு அப்புறம் என்ன ஆயிற்று பாட்டி என்று நான் கேட்டதற்குப் பாட்டி பதில் சொல்லவில்லை, என் தலையை இன்னும் இறுக்கிப் பின்னினார்.

இருபத்து மூன்றாம் அத்தியாயத்தில் நம் நாயகன், போரில் மாண்ட ஒரு வீரனின் உருவத்தை எடுத்துக்கொண்டு அரண்மனைக்குள் நுழைகிறானே, அப்போது அந்த வீரனின் மனைவி ஓடிவந்து அவன் கையைப் பற்றுகிற காட்சி நான்கே வரிதான். பலர் அதைக் கவனிக்கவே இல்லை. நான் அந்த நான்கு வரியில் அழுதேன், ஏனென்றால் என் ஏழு வயதுக் கேள்விக்கு முதல்முறையாக ஒருவர் பதில் எழுத முயன்றிருந்தார். அவன் கையை உதறவில்லை. அரசனிடம் போக வேண்டிய அவசரத்தை விட்டுவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து, நான் உன் கணவன் அல்லன், அவன் எங்கே எப்படி விழுந்தான் என்று நான் பார்த்தேன், கேட்கிறாயா என்கிறான். உருவத்தைக் கடன் வாங்கியவன் அந்த உருவத்துக்கு உரியவளிடம் கணக்குச் சொல்லவேண்டும் என்பது அவனுக்கு அங்கே புரிகிறது. அக்கா, நாயகியிடம் செய்த பிழையை அவன் உணர்ந்தது அந்தத் திண்ணையில்தான் என்று நான் படித்துக்கொண்டேன். நீங்கள் இரண்டு நாள் கவிழ்த்து வைத்த பிறகு அவசரமாகப் படித்ததில் அந்த நான்கு வரி தப்பியிருக்கலாம்.

ஒரு மனக்குறையும் உண்டு. உருமாறுதலையும் கூடுவிட்டுக் கூடு பாய்தலையும் ஆசிரியர் ஒன்றாகவே கையாள்கிறார். உருமாறுபவனுக்கு இருப்பது ஒரே உடல், அது வடிவம் மாறுகிறது. கூடு பாய்பவனோ தன் உடலை எங்கோ விட்டுவிட்டுப் போகிறான், அதை யாராவது காக்கவேண்டும். திருமூலர் திரும்பி வந்தபோது அவர் வைத்துவிட்டுப் போன உடல் அங்கே இல்லை. நாயகி இரவெல்லாம் கண்விழித்து அவன் உடலைக் காத்துக் கிடக்கும் ஓர் அத்தியாயம் இந்தக் கதைக்குள் வரத் தவம் கிடந்தது, ஆசிரியர் அதைத் தவறவிட்டுவிட்டார்.

புதுக்கோட்டையிலிருந்து

சகோதரிகள் இருவருக்கும் வணக்கம். முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால் என் கண் காலத்தின்மேலேயே போயிற்று. சோழர் அடுக்களையில் மிளகாய் வந்ததைப் பலரும் எழுதிவிட்டார்கள், அதை விட்டுவிடுகிறேன். எனக்கு உறுத்தியது பெரிய நந்தி. காவலர்களிடமிருந்து தப்ப இருவரும் அந்த நந்தியின் பின்னால் ஒளிகிறார்கள். இன்று நாம் காணும் அந்த நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலத்தவை. 1014இல் அங்கே ஒளிய நினைத்தவர்கள் வெட்டவெளியில் நின்றிருப்பார்கள். அம்மன் சன்னதியும் முருகன் சன்னதியும்கூடப் பின்னால் வந்தவையே. அந்த வளாகத்தில் தான் அறிந்த எதையெல்லாம் காணாமல் நாயகி திகைத்திருப்பாள் என்று எழுதியிருந்தால், அவள் எவ்வளவு தொலைவு வந்துவிட்டாள் என்பது ஒரே பத்தியில் நம் நெஞ்சில் இறங்கியிருக்கும்.

ஆனால் தளிச்சேரியை ஆசிரியர் உழைத்து எழுதியிருக்கிறார், அதற்காக அவரை வணங்குகிறேன். திருவாரூர், பழையாறை போன்ற ஊர்களின் கோயில்களிலிருந்து வரவழைக்கப்பட்ட 400 பெண்களின் பெயர், அவரவர் ஊர், தெருவின் எந்தச் சிறகில், அதாவது எந்த வரிசையில், எத்தனையாவது வீடு என்பதெல்லாம் கல்லில் இருக்கின்றன, ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல் ஒரு பங்கு. தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு என்று தொடங்கும் அந்த வரிசையைத் தன் காலத்தில் வெறும் பட்டியலாக மைப்படி எடுத்த பெண், அந்த வீடுகளில் ஒன்றின் வாசலில் நின்று கோலம் போடும் இடத்தில் நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

ஓலைக் காட்சியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. பிரிவதற்கு முன்னிரவில் அவன் ஒரு நறுக்கோலையில் இரண்டே எழுத்துக் கீறி அனுப்புகிறான். அந்நாளைய எழுத்தில் மெய்க்குப் புள்ளி இடுவது அரிது, துணைக்காலும் ரகரமும் ஏறத்தாழ ஒரே வடிவம். வகரமும் அதை அடுத்து ஒரு கீற்றும் இருந்தால் அதை ‘வா’ என்றும் படிக்கலாம், ‘வர’ என்றும் படிக்கலாம். என்னிடம் வா என்று அழைக்கிறானா, நான் வர இருக்கிறேன் காத்திரு என்கிறானா? விளக்கடியில் ஓலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறாள், மஞ்சளும் கரியும் தேய்த்து எழுத்தை எடுப்பாக்குகிறாள், எவ்வளவு தெளிவானாலும் அது இரண்டாகவே இருக்கிறது. உருவம் ஒன்று, உள்ளே இருப்பது எது என்று தெரியாது என்னும் அவன் இயல்பை ஓர் எழுத்துக்குள் வைத்துக் காட்டியிருக்கிறார். நாற்பது மாணவர்களுக்கு எழுத்துச் சீர்திருத்தப் பாடம் நடத்தியபோது இப்படி ஓர் எடுத்துக்காட்டு என் கையில் இருந்திருந்தால் கடைசி வரிசையும் விழித்திருக்கும்.

மீண்டும் தஞ்சாவூரிலிருந்து

தங்கை சொன்னது சரி, அந்தத் திண்ணைக் காட்சியை நான் அவசரத்தில் கடந்துவிட்டேன். நேற்று நிதானமாகப் படித்தேன். கையைப் பற்றியவளுக்கு அவன் கணக்குச் சொல்லும்போது, தன் சொந்த முகத்துக்குத் திரும்பிவிட்டுத்தான் சொல்கிறான் என்பதையும் கவனித்தேன், அந்த முகம் அரண்மனைக் காவலர் கண்ணில் பட்டால் உயிர் போகும் என்று தெரிந்தே.

கடைசி அத்தியாயத்தை அதன் பிறகுதான் என்னால் ஏற்க முடிந்தது. தன் காலத்துக்குத் திரும்பிய நாயகி அதே சுவரருகே நிற்கிறாள், தண்ணீர்ப் புட்டியோடு ஒரு கிழவர் வருகிறார். எந்த உருவத்திலும் தண்ணீர் குடிக்குமுன் ஒரு கணம் அதைப் பார்த்து நிற்பது அவன் வழக்கம், செம்போத்தும் அப்படித்தான் கிணற்று வாளியின் ஓரத்தில் நின்றது. அவள் கண்டுகொள்வாள் என்று நாம் எல்லோரும் மூச்சைப் பிடித்திருந்தோம். சுயம்வர மண்டபத்தில் ஐந்து நளர்களுக்கு நடுவே இமைக்கும் கண்ணையும் மண்ணில் பட்ட காலையும் வாடிய மாலையையும் கொண்டு தமயந்தி தன் மனிதனைக் கண்டுகொண்டதைப் போல ஒரு முடிவைத்தான் நான் எதிர்பார்த்தேன். அவனோ அவள் கண்டுகொள்ளும்வரை காத்திருக்கவில்லை. புட்டியை மூடிவிட்டு, பெண்ணே, நான்தான், கிணற்றடியில் இருந்ததும் நான்தான் என்று முதலில் சொல்லிவிடுகிறான். கண்டுபிடிக்கும் மகிழ்ச்சியை அவளிடமிருந்து பறித்துவிட்டான் என்று சிலர் வருந்தியிருந்தீர்கள். அவன் அவளுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது அந்த மகிழ்ச்சியை அல்ல என்று நான் நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை என் கணவரோடு கோயிலுக்குப் போனேன். பதினேழாம் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் அவரைப் படிக்கச் சொல்லியிருந்தேன், ஏன் என்று சொல்லவில்லை. ஐயா குறிப்பிட்ட தளிச்சேரிக் கல்வெட்டு இருக்கும் வடபுறச் சுவரருகே சற்று நேரம் நின்றோம், வெயில் இறங்கி எழுத்துகளுக்குள் நிழல் விழுந்திருந்தது. அவர் அந்த எழுத்துகளை விரலால் தொடாமல் தொடுவதைப் போலக் காற்றில் தடவிக்கொண்டே, “உளுந்து வாங்க வந்த அன்னைக்கே நான் யாருன்னு சொல்லியிருக்கணும்” என்றார். நாங்கள் பிறகு நந்தியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தோம், வழியில் வேறெதுவும் பேசவில்லை, செருப்பு விட்ட இடத்தில் என் செருப்பை அவர்தான் தேடி எடுத்துக் கொடுத்தார்.