மாடி வாசிப்பில் தேம்பாவணி: எப்படித் தொடங்குவது?

பாலக்கரை வாசகி கேட்கிறார்:

எங்கள் குடியிருப்பில் மாதம் ஒரு ஞாயிறு மாலை மொட்டைமாடியில் கூடிப் புத்தகம் பேசுகிறோம். நான், கணவர், அத்தை, நாத்தனார், பத்தாம் வகுப்பு படிக்கும் மகன், கீழ்வீட்டு அக்கா, அவர் கணவர், என்னோடு வங்கியில் வேலை பார்த்த தோழி. எப்போதாவது யாராவது புதிதாக வருவார்கள். புத்தகத்தை ஆளுக்கொரு மாதம் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கிறோம். இதுவரை நாவல், சிறுகதை, பயணக் கட்டுரை என்றுதான் போயிருக்கிறது. மார்ச் மாதம் என் முறை.

நாங்கள் கத்தோலிக்கர்கள். மார்ச் 19 இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரின் திருநாள். அதனால் தேம்பாவணியை எடுக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. இத்தாலியில் பிறந்த ஒருவர், முப்பது வயதுக்குப் பக்கத்தில் இங்கே வந்து, தமிழ் படித்து, 1726-இல் சூசையப்பரை நாயகனாக வைத்து 3615 பாடல்களில் ஒரு காப்பியம் முடித்திருக்கிறார். இதைச் சும்மா தகவலாகக் கடந்து போக என்னால் முடிவதில்லை. சின்ன வயதில் அப்பா எங்களை ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலுக்கு அழைத்துப் போகும்போதெல்லாம் வீரமாமுனிவர் கதைதான் சொல்லிக்கொண்டு வருவார். அப்பாவின் தேம்பாவணிப் பிரதி இப்போது என்னிடம் இருக்கிறது. பாட்டுக்குப் பாட்டு பென்சிலால் பதம் பிரித்து ஓரத்தில் எழுதியிருக்கிறார். சில இடங்களில் பொருள் எழுதாமல் ஒரு சிலுவைக் குறி மட்டும் போட்டிருப்பார். அந்தப் பாட்டில் நின்று ஜெபித்திருக்கிறார் என்று அம்மா சொல்வார்.

தயக்கம் என்னவென்றால், வருகிறவர்களில் சிலர் கிறிஸ்தவர்கள் இல்லை. கீழ்வீட்டு அக்கா கிருத்திகை தவறாமல் வயலூர் போகிறவர். தோழி முஸ்லிம். இருவருமே வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். எனக்காக உட்கார்ந்திருப்பார்கள் என்பதுதான் என் கவலை. வீட்டுக்குள் இன்னொரு பிரச்சினை. ஜெபம் சொல்லாமல் இதைத் திறக்கக் கூடாது என்கிறார் அத்தை. கணவரோ, "இலக்கியம் என்று மட்டும் சொல்லிவிடு, சாமி பேச்சே எடுக்காதே" என்கிறார். எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. எனக்கு இது வெறும் இலக்கியம் இல்லை. ஆனால் மாடியில் கூடுவது ஜெபக் கூட்டமும் இல்லை.

முழுவதும் படிக்க வழியில்லை. எந்தப் பகுதியை எடுக்கலாம்? எப்படிச் சொல்லித் தொடங்கலாம்? இப்படி ஒன்றை உங்கள் வீட்டில் செய்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

மேலவீதி தமிழாசிரியர் (தஞ்சாவூர்):

சகோதரி, தாராளமாக எடுங்கள். நான் சைவன், ஓய்வுபெற்ற ஆசிரியன். எங்கள் வீட்டுத் திண்ணையில் நண்பர்கள் கூடித் திருவாசகம் படிக்கிறோம். முற்றோதல் மாதிரி ஒரே நாளில் இல்லை, ஒரு மாலைக்கு ஒரு பதிகம்தான். கிறிஸ்தவ நண்பர் ஒருவர் விடாமல் வருகிறார். என் சம்பந்தி வைணவர், அவரும் வருகிறார். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

உங்கள் கணவர் சொல்வது நல்ல எண்ணத்தில்தான். ஆனால் "இது வெறும் இலக்கியம்" என்று சொல்லிவிட்டால் அந்தக் கூட்டத்தில் நீங்களே பேச முடியாமல் போய்விடும். அப்பா சிலுவைக் குறி போட்ட பாட்டை என்னவென்று சொல்லிப் படிப்பீர்கள்? எதுகை மோனையையா விளக்குவீர்கள்? நம்பிக்கையோடு படிக்கிறவர் அதை மறைத்துக்கொண்டு படித்தால் கேட்கிறவருக்குத் தெரிந்துவிடும். முதல் இரண்டு நிமிடத்தில், "இது என் அப்பா ஜெபித்த புத்தகம், எனக்கும் அப்படித்தான், உங்களுக்கு அப்படி இருக்க வேண்டியதில்லை, கேட்டுப் பாருங்கள்" என்று சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் முன்னுரையே வேண்டாம்.

சரி, எந்தப் பகுதி? தொடக்கத்திலிருந்து போகாதீர்கள். நாட்டு வளம், நகர வளம் எல்லாம் அருமைதான், ஆனால் பழக்கமில்லாதவர்களுக்கு மூச்சு வாங்கும். உங்கள் வீட்டிலேயே பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிறானே! அவன் தமிழ்ப் புத்தகத்தில் தேம்பாவணி இருக்கிறது. காட்டில் தாய் எலிசபெத்தை இழந்த கருணையன் புலம்பும் இடம். கருணையன் என்பது திருமுழுக்கு யோவானுக்கு வீரமாமுனிவர் வைத்த பெயர், சூசையப்பருக்கு வளன். இதை அத்தையிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லையென்றால் நம் புனிதர்கள் எங்கே என்று தேடுவார்.

அந்தப் பகுதியில் மகன் பூக்களைப் பரப்பிப் படுக்கை செய்து, தாயின் உடலை அதில் அடக்கம் செய்கிறான். மேலே பூவும் தூவுகிறான், கண்ணீரும் விழுகிறது. அடுத்த பாட்டில்தான் அவன் பேசத் தொடங்குகிறான். தாயின் வாய்மொழியே தனக்கு மழை, அந்த மழையில்தான் தான் வளர்ந்தேன் என்கிறான். இப்போது துளி நின்றுவிட்டது.

"இளங்கூழ் வாடிக்
காய்மணி யாகு முன்னர்க் காய்ந்தெனக் காய்ந்தேன் அந்தோ"

கூழ் என்றால் இங்கே பயிர். மணி பிடிக்கும் முன்னே காய்ந்துபோன இளம்பயிர்போல ஆகிவிட்டேன் என்று அழுகிறான். வகுப்பில் இந்தப் பாட்டை நடத்தும்போது, முறைத் தண்ணீர் வராமல் வயல் வெடித்துக் கிடந்த வருடங்களில், கடைசி வரிசைப் பையன்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். அவர்கள் வீட்டில் அப்பா அந்த வாரம் பேசிக்கொண்டிருந்ததும் இதேதான். கடல் கடந்து வந்த ஒரு பாதிரியார் இந்த மண்ணின் பயிர் காய்வதைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறார்! அதை அங்கே, யோவான் வாயில் வைத்துவிட்டார். பிறகு வரும் பாட்டில் அவனோடு சேர்ந்து மரங்களும் சுனைகளும் அழுகின்றன. எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரும் இந்த இடத்தில் அந்நியமாக உணர மாட்டார்.

படிக்கும் முறை பற்றி ஒன்று. ஒரு பாட்டை முதலில் சீர் பிரித்தபடியே ஒருவர் படிக்கட்டும். அடுத்து பதம் பிரித்து இன்னொருவர். மூன்றாவதாகப் பொருள். உங்கள் அப்பாவின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு பதம் பிரித்துப் படிப்பதை நீங்களே செய்யுங்கள். பையனைப் பொருள் சொல்லச் சொல்லுங்கள், தேர்வுக்கும் ஆயிற்று. ஒரு மாலைக்கு ஆறேழு பாட்டுக்கு மேல் வேண்டவே வேண்டாம்.

கீழ்வீட்டு அம்மாவிடம் திருவாசகத்தில் பிடித்தபத்து கொண்டுவரச் சொல்லுங்கள். "பால்நினைந் தூட்டும் தாயினும் சாலப் பரிந்து" என்ற பாட்டு. தாயை இழந்தவன் பாட்டுக்குப் பக்கத்தில், தாயினும் பரிந்தவனைப் பற்றிய பாட்டு. இந்தத் திருவாசகத்தை முழுவதும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1900-இல் வெளியிட்டவர் ஜி. யு. போப். கிறிஸ்தவ மிஷனரி, அப்போது அவருக்கு எண்பது வயது. அவர் தன் நம்பிக்கையை எங்கேயும் கழற்றி வைக்கவில்லை. மாணிக்கவாசகர் முன்னால் கண் கலங்கவும் கூச்சப்படவில்லை.

காயல் காற்று:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். ஆசிரியர் ஐயா சொன்னதோடு நான் ஒத்துப்போகிறேன். ஆனால் ஒரு வேலையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் முஸ்லிம் தோழியை வெறும் கேட்பவராக உட்கார வைக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் வாப்பா இருந்த காலத்தில் சீறாப்புராணம் படிப்பார், நாங்கள் சுற்றி உட்காருவோம். உமறுப்புலவர் பாடியது, 5027 விருத்தம். இப்போது நானும் என் மருமகளும் படிக்கிறோம். பக்கத்துத் தெருவில் உப்பள வேலைக்குப் போகும் அக்கா ஒருவர், இந்து, தன் மகளோடு வருவார். அவர்களுக்கு முதலில் படித்தது மானுக்குப் பிணை நின்ற படலம். வேடனின் வலையில் ஒரு பெண்மான். நபிகள் நாயகம் (ஸல்) அந்த வழியே வருகிறார்கள். "என் கன்று பசியோடு இருக்கும், பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறேன்" என்று மான் கேட்கிறது. நாயகம் தாமே பிணை நிற்கிறார்கள். வேடன் நம்பவில்லை, காட்டுக்குப் போன மான் திரும்புமா என்கிறான். மான் போய்ப் பால் கொடுக்கிறது, தன் கூட்டத்திடம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறது. போகாதே என்று தடுக்கிறார்கள். எனக்காகப் பிணை நிற்கிறவரை விட்டுவிட்டு இங்கே இருக்க மாட்டேன் என்கிறது. கன்றும் கூடவே கிளம்புகிறது. இந்த இடத்தில் அந்த அக்காவின் மகள், "கன்னுக்குட்டியை எதுக்கு கூட்டிட்டு வருது, அதையும் பிடிச்சுடுவானே" என்று பதறினாள். எத்தனை வருடமாகப் படிக்கிறோம், எங்களில் யாரும் அதைக் கேட்டதில்லை. அன்றைக்கு முழுவதும் அந்தக் கன்றைப் பற்றியே பேசினோம்.

கதை முடிவில் வேடன் கலிமா சொல்லி இஸ்லாத்தை ஏற்கிறான். அந்தப் பாட்டைப் படிக்கும் முன் மருமகள் என் முகத்தைப் பார்த்தாள், விட்டுவிடலாமா என்று. படி என்றேன். எங்கள் புலவர் எழுதியது அதுதான், எங்கள் மனசுக்கு நிறைவு தருவதும் அதுதான். அதை மறைத்து ஒரு கதையைக் கொடுத்தால், விருந்தாளியை நம்பவில்லை என்று ஆகிவிடும். அக்கா ஒன்றும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. "அவன் மனசு இளகிடுச்சு, நல்லது" என்றார், அவ்வளவுதான்.

அப்புறம் சின்ன விஷயங்கள். ஞாயிறு மாலை என்கிறீர்கள், மஃரிப் என்ற அந்தித் தொழுகையின் நேரத்தைத் தோழியிடம் கேட்டு அதற்கேற்ற மாதிரி வையுங்கள். தொழுதுவிட்டு வர இடம் கொடுங்கள். ரமலானுக்குள் மார்ச் வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வந்தால் நோன்பு திறந்த பிறகு கூடலாம், கஞ்சி அவர் கொண்டுவருவார் பாருங்கள்!

கோவை வாசகன்:

நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன், கோபம் வேண்டாம்.

சில வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவரின் வீட்டு வாசிப்பு வட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். நல்ல கூட்டம். ஒரு மாதம் பக்தி நூல் ஒன்று எடுத்தார்கள், விரும்பித்தான் போனேன். படித்து முடித்ததும் கதவைச் சாத்திவிட்டு எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார்கள். கைபேசி எண்ணைக் கேட்டு வாங்கி, அடுத்த வாரம் முதல் வேறு ஒரு கூட்டத்துக்கு அழைப்பு வரத் தொடங்கியது. எனக்குப் புத்தகத்தின் மேல் வருத்தமில்லை. முன்பே சொல்லவில்லை என்பதுதான் வருத்தம். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போகவே மனம் வரவில்லை, நட்பும் போயிற்று.

நீங்கள் ஜெபம் வைப்பதானால் அதை வாசிப்புக்கு முன்போ பின்போ தனியாக வையுங்கள், நேரத்தை எல்லோருக்கும் சொல்லுங்கள். வர விருப்பமில்லாதவர் அரை மணி கழித்து வரட்டும். இதை மட்டும் செய்தால் என்னைப் போன்றவர்கூட தேம்பாவணிக்கு வந்து உட்காருவார். ஆசிரியர் காட்டிய அந்த இளம்பயிர் வரியை இப்போதுதான் முதன்முறை படிக்கிறேன். பள்ளியில் எனக்கு அது பாடமாக இல்லை.

பாலக்கரை வாசகி:

மூவருக்கும் மிக்க நன்றி. இரவு உட்கார்ந்து அப்பாவின் பிரதியில் அந்த இடத்தை எடுத்துப் பார்த்தேன். இளங்கூழ் பாட்டுக்குப் பக்கத்தில் சிலுவைக் குறி இருக்கிறது. எங்கள் பாட்டி இறந்த வருடத்தையும் அதன் கீழே எழுதியிருக்கிறார்.

அத்தையிடம் பேசிவிட்டேன். மாலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டு வரவேற்பறையில் சூசையப்பர் படத்துக்கு முன்னால் குடும்பமாக ஜெபம். ஐந்தரைக்கு மாடியில் வாசிப்பு. இதை அழைப்புச் செய்தியிலேயே போடப்போகிறேன். அத்தைக்கும் சம்மதம். கீழ்வீட்டு அக்காவிடம் பிடித்தபத்து என்றதும், "அதை எனக்குப் பாடவே தெரியுமே" என்றார். இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் பாடுவார் என்று எனக்குத் தெரியாது. தோழி மான் படலத்தைப் பள்ளியில் படித்திருக்கிறாராம், தேடி எடுத்து வருகிறேன் என்கிறார். மஃரிப் நேரத்தையும் கேட்டு வைத்துக்கொண்டேன். அந்த நேரத்துக்கு ஒரு இடைவேளை, அப்போது சுண்டல்.

ஒரே ஒரு சந்தேகம். நாத்தனாரின் கணவர் சிஎஸ்ஐ என்ற புராட்டஸ்டண்ட் சபை. எலிசபெத் காட்டில் இறந்ததாக விவிலியத்தில் எங்கே இருக்கிறது என்று கட்டாயம் கேட்பார். என்ன சொல்வது?

மேலவீதி தமிழாசிரியர்:

விவிலியத்தில் இல்லை என்றே சொல்லுங்கள். லூக்கா முதல் அதிகாரத்தின் கடைசி வசனத்தில், பிள்ளை வளர்ந்து வனாந்தரத்தில் இருந்தான் என்பது மட்டும்தான் வரும். அந்த ஒரு வரிக்கும் அவன் வெளியே வந்த நாளுக்கும் நடுவில் உள்ளதைக் கத்தோலிக்க மரபுக் கதைகளும் புலவரின் கற்பனையும் நிரப்புகின்றன. அவரையே லூக்கா முதல் அதிகாரத்தைப் படிக்கச் சொல்லுங்கள். எலிசபெத் யார், அந்தப் பிள்ளை எத்தனை காலம் காத்திருந்து பிறந்தவன் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. தெரியாதவர்களுக்கு அதுவே முன்கதை ஆகிவிடும். அதற்குப் பிறகு கருணையன் அழுகையைக் கேட்டால்தான் கனம் தெரியும். கேள்வி கேட்கிறவர் கையில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டால் அவரும் தயார் செய்துகொண்டு வருவார்.

மூலப்பாடம் மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இருக்கிறது, பெரிய எழுத்தில் அச்செடுத்து ஆளுக்கொரு தாள் கொடுங்கள். அப்பாவின் பிரதியைக் கைமாற்ற வேண்டாம், பென்சில் எழுத்து அழிந்துவிடும். அந்தப் பக்கங்களை மட்டும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.