ஐஸ் குச்சிப் பாலம் 40 கிலோ தாங்கினால் நிஜப் பாலம் எவ்வளவு தாங்கும்?

பாலம்பித்தன்: "மாடல் செய்வது ஸ்கூல் பிள்ளைகள் வேலை, சிவில் படிக்கிறவனுக்கு ஸ்டாட் புரோ சாஃப்ட்வேரில் கணக்குப் போட்டால் போதும்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. எங்கள் சிம்போசியத்தில் 1:50 அளவில் ஐஸ் குச்சிப் பாலம் செய்தோம். எடை 400 கிராம், தாங்கியது 40 கிலோ. அப்படியென்றால் நிஜப் பாலம் 50 மடங்கு, அதாவது 2 டன் தாங்கும். முதல் பரிசும் எங்களுக்குத்தான்.

கியூப்மாஸ்டர்: 50 மடங்கா? எந்த வாத்தியார் சொன்னார் தம்பி? நீளம் 50 மடங்கானால் குறுக்குவெட்டுப் பரப்பு 2,500 மடங்கு, எடை 1,25,000 மடங்கு. அதே மரத்தில் கட்டினால் உன் 400 கிராம் பாலம் 50 டன் ஆகிவிடும். தாங்கும் திறன் பரப்போடுதான் வளரும், அதனால் 2,500 மடங்கு, அதாவது 100 டன்தான். முதலில் தன் எடையைச் சுமக்கட்டும், அப்புறம் லாரியை ஏற்றலாம். கலிலியோ 1638-லேயே சொன்னது இது.

பாலம்பித்தன்: நீங்களே 100 டன் என்கிறீர்கள். நான் சொன்னது 2 டன். அப்போ நான் சொன்னது சரிதானே அண்ணே!

கியூப்மாஸ்டர்: விடை பெரிதாக வந்துவிட்டால் கணக்கு சரியாகிவிடுமா? 50 மடங்கு என்பது தப்பு. இன்னொரு முறையும் சொல்கிறேன், தப்பு. லேப்பில் பல வருஷம் கான்கிரீட் கியூப் உடைத்து வலிமை பார்த்தவன் நான். 150 மி.மீ. கியூப் மூன்று போட்டு, 28 நாள் தண்ணீரில் வைத்து, சராசரி வலிமையிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் ஒன்று விலகினாலே அந்தச் செட்டை ஏற்கமாட்டோம். நீ ஒரே ஒரு பாலத்தை உடைத்துவிட்டு ஊருக்கே பாடம் எடுக்கிறாய்.

சாஃப்ட்வேர்_சிவில்: நேற்று எழுதியது நான்தான். கியூப் பெருமை போதும் சார். பாதிக் காலேஜில் ரெக்கார்டு நோட்டில் இருப்பது சீனியரின் ரீடிங். அதற்குப் பேர் லேபா?

கியூப்மாஸ்டர்: காப்பியடித்தது மாணவன். மெஷின் என்ன பாவம் செய்தது? நீங்கள் சாஃப்ட்வேரில் எம்20 என்று கான்கிரீட் தரத்தை டைப் செய்வது எங்கிருந்து வந்தது? யாரோ கியூப் உடைத்ததால்தான்.

பூண்டி_நீர்: தம்பியின் கணக்கு தப்பு, ஆனால் மாடலே வேண்டாம் என்பது அதைவிடத் தப்பு. பூண்டியிலும் புனே பக்கம் கடக்வாஸ்லாவிலும் இருக்கும் நீரியல் ஆய்வுக்கூடங்களில் அணைகளுக்கு இன்றும் மாடல் செய்கிறார்கள். 1:25 அளவு ஸ்பில்வே (அணையின் உபரிநீர் வழி) மாடலில் அளந்த நீரின் வேகத்தை 5-ஆல் பெருக்க வேண்டும், வெளியேறும் அளவை 3,125-ஆல். எல்லாவற்றையும் 25-ஆல் பெருக்கினால் அணை போய்விடும்.

சாஃப்ட்வேர்_சிவில்: அந்த மாடலில் நீரோடு காற்று கலப்பது சரியாக வராது மேடம், பரப்பு இழுவிசை குறுக்கே நிற்கும். அதையும் எழுதுங்கள்.

பூண்டி_நீர்: தெரியும். அதற்காகத்தான் மாடலைப் பெரிதாகக் கட்டுகிறோம். உங்கள் சாஃப்ட்வேரையே மாடலில் அளந்த ரீடிங்கோடு ஒப்பிட்டுத்தான் நம்புகிறார்கள்.

பாலம்பித்தன்: அணை பேச்சு எதற்கு? எங்கள் பாலம் 40 கிலோ தாங்கியது. வீடியோ இருக்கிறது.

கியூப்மாஸ்டர்: 40 கிலோவை யார் மறுத்தார்கள்? 50 மடங்குதான் கேள்வி. சரி, எடையை எங்கே தொங்கவிட்டீர்கள், நடுவிலா, பரவலாகவா? அதைச் சொல்லாமல் 40 என்ற எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

பாலம்பித்தன்: டிப்ளமோ படித்தவர் பி.இ. பையனிடம் வைவா எடுக்கிறாரா?

கியூப்மாஸ்டர்: டிப்ளமோவை இழுக்காதே. நடுவிலா, பரவலாகவா?

பாலம்பித்தன்: பரிசு கொடுத்த நடுவர்களைப் போய்க் கேளுங்கள்.

கியூப்மாஸ்டர்: அவர்களும் 50-ஆல்தான் பெருக்கினார்களா?