பழைய மானிட்டரைக் காயலாங்கடைக்குப் போடலாமா?

காட்பாடிக்காரன்: எங்கள் கம்ப்யூட்டர் சென்டரை மூடுகிறோம். ஆறு பழைய கம்ப்யூட்டர், பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் டியூப் மானிட்டர்கள், ஒரு யூபிஎஸ் கிடக்கிறது. காயலாங்கடைக்காரர் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா?

பாலாற்றுக்கரை: மானிட்டரைக் கொடுக்காதீர்கள் சார். டியூப் கழுத்தில் சுற்றியிருக்கும் செம்புக் காயிலுக்காகத்தான் அதை எடுக்கிறார்கள். சுத்தியலால் ஒரு தட்டு, காயில் கையோடு வந்துவிடும். கண்ணாடி ஏரிக்கரைக்குப் போகும். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, பெரிய டியூபில் ஒரு கிலோவுக்கு மேல்கூட. ஒயரைக் கொளுத்தினால் டையாக்சின் என்ற நச்சு வேறு. ராணிப்பேட்டையில் ஆலை மூடிய பிறகும் குரோமியக் கழிவு மலையாகக் கிடந்ததைப் பார்த்த ஜனங்கள் நாம்.

பழைய இரும்பு: எல்லாப் பழியும் எங்கள் தலையிலா? ஓடுகிற பொருளை யாராவது உடைப்பார்களா? ரேம், ஹார்டு டிஸ்க், மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி எல்லாம் தனித்தனியாகக் கழற்றி, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகிறது. உடைத்தால் நஷ்டம் எனக்குத்தான். பதிவு பெற்ற மறுசுழற்சி கம்பெனிக்கு போன் போட்டு, ஆறு மானிட்டருக்கு வண்டி அனுப்புவார்களா என்று கேளுங்கள்.

பாலாற்றுக்கரை: ஓடாத டியூப் எங்கே போகிறது அண்ணே? அதைச் சொல்லவில்லையே.

பழைய இரும்பு: அந்தக் கண்ணாடிக்கு இப்போது வாங்க ஆள் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். 2006க்கு அப்புறம் அரசு கொடுத்த இலவச கலர் டிவி எல்லாமே டியூப்தான். எத்தனை பரணில் கிடக்கிறதோ. நான் ஒருத்தன் என்ன செய்ய?

சத்துவாச்சாரி வாசி: மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று 1996ல் உச்ச நீதிமன்றம் சொன்னது நம்ம வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில்தான். தயாரித்த கம்பெனி வந்து எடுக்கட்டும். வண்டி வாடகையை நான் ஏன் தரணும்?

பாலாற்றுக்கரை: 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல்தான் வைக்கின்றன. ஆனால் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்டினால் அவர்கள் கடமை முடிந்தது. வேன் சத்துவாச்சாரிக்கு வராது.

சத்துவாச்சாரி வாசி: நல்லாயிருக்கு கதை!

தொரப்பாடி சர்வீஸ்: சண்டை நடக்கட்டும். தம்பி, முதலில் ஹார்டு டிஸ்கைக் கழற்றி வையுங்கள். வெறும் ஃபார்மட் போட்டால் ஃபைலை மீட்டுவிடலாம்; உங்களிடம் பிள்ளைகளின் ஆதார் நகல் இருக்குமே. முழு டிஸ்க்கையும் மேலெழுதி அழிக்கணும், இல்லையென்றால் டிரில் போட்டுவிடுங்கள். யூபிஎஸ் பேட்டரியைப் புது பேட்டரி வாங்கும் கடையில் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். ஓடுகிற சிபியுவில் ஹார்டு டிஸ்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டியும், விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸும் போட்டால் இன்னும் சில வருஷம் உழைக்கும்.

காட்பாடிக்காரன்: நன்றி அக்கா. மானிட்டரை மட்டும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற இடம் பார்த்து அனுப்புகிறேன், வாடகை என் கையை விட்டுப் போனாலும் சரி. செத்த மதர்போர்டு?

பாலாற்றுக்கரை: அதுவும் அங்கேதான். காயலாங்கடை வழியாகப் போனால் தங்கத்துக்காக ஆசிட்டில் போடுவார்கள்.

பழைய இரும்பு: ஆசிட் வேலை நான் செய்வதில்லை. கிலோ கணக்கில் விற்றுவிடுவேன். வாங்குகிறவர் வெளிமாநிலத்து ஆள். அங்கே என்ன செய்கிறார் என்று நான் கேட்டதில்லை.